சின்னப் பெட்டியும் தோடிக் காந்தாரமும்

மின்கிட்டார் என்றதும் தலைமுடியைத் தொங்கவிட்ட இளைஞர்களும் காதைப் பிளக்கும் சத்தமும் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் அதே கருவியில் கர்நாடக இசை ஒலிக்கத் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. 1980-களில் சுகுமார் பிரசாத் மின்கிட்டாரில் கர்நாடக இசைக் கச்சேரிகள் செய்தார். அவருக்குப் பின் வந்த ஆர். பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தவர், அதனை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றார். ஆகவே, 'கிட்டாருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் என அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

திருவனந்தபுரத்தில் நாங்கள் சிலர் ஞாயிறு மாலைகளில் கூடி வாசிக்கிறோம். ஒரு வயலின், ஒரு கீபோர்டு, மிருதங்கம், இரண்டு மின்கிட்டார். கிட்டார்களுக்காக எங்களிடம் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று உண்டு. இருவர் சேர்ந்து தூக்கினால்தான் நகரும். மாடிப்படி ஏற்றும்போதெல்லாம் யாராவது ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். 'இதை விற்றுவிட்டு, இப்போது செங்கல் அளவில் வரும் டிஜிட்டல் பெட்டி ஒன்றை வாங்கிவிடலாம்' என்பது குழுவிலுள்ள இளைஞர்களின் யோசனை. 'சினிமாப் பாட்டுக்குச் சரி, கீர்த்தனை வாசித்தால் கமகம் அதற்குள் போய் வருமா?' என்பது மூத்தவர்களின் சந்தேகம். இரு தரப்புப் பாட்டுகளையும் வாசிப்பவன் என்பதால் சோதிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நண்பர் ஒருவரிடம் பெட்டியை இரவல் வாங்கி, ஐப்பசி மாதம் முழுவதும் வைத்திருந்து வாசித்தேன். எந்த நிறுவனத்துப் பெட்டி என்று எழுதப் போவதில்லை. இந்த வகையில் இப்போது பல வந்துவிட்டன. உள்ளே நடக்கும் வேலை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த வேலை என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

மின்கிட்டாரின் தந்திகள் எஃகினால் ஆனவை. அவற்றின் கீழே காந்தமும், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளும் கொண்ட பிக்கப் என்னும் உறுப்பு இருக்கும். தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. கம்பிச் சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831-இல் கண்டறிந்த அதே தத்துவம்தான். அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் 1931-இல் இதைக் கொண்டு ஒரு கிட்டார் செய்தார். வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர். பின்னாளில் ரிக்கன்பேக்கர் என்று பெயர் பெற்ற நிறுவனம் அதை 1932-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இந்தச் சிறு மின்னழுத்தத்தைப் பெரிதாக்குவதற்குத்தான் ஆம்ப்ளிஃபயர். சுருக்கமாக ஆம்ப். தொடக்கத்தில் அதற்குள் வால்வுகள் இருந்தன. பழைய ரேடியோப் பெட்டியின் பின்புறம் செந்தணலாய் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வால்வை அதன் சக்திக்கு மேல் விரட்டினால் ஒலியலையின் தலையும் காலும் நசுங்கும். பொறியாளர்கள் இதைக் குறை என்றார்கள். கிட்டார்க்காரர்களோ இதுதான் வேண்டும் என்றார்கள்! நசுங்கிய அலையில் புதிய மேல்சுரங்கள் பிறக்கின்றன, ஒலி தடிக்கிறது, நீண்டு நிற்கிறது. கிங்க்ஸ் என்னும் ஆங்கிலக் குழுவின் டேவ் டேவிஸ், 1964-இல் ஓர் இசைத்தட்டுக்காகத் தம் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைப் பிளேடினால் கீறியே இந்தக் கரகரப்பை உண்டாக்கினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1962-இல், காலால் மிதித்தால் கரகரப்பைத் தரும் மேஸ்ட்ரோ என்ற சிறு பெட்டி வந்துவிட்டது. பிறகு எதிரொலிக்கு ஒன்று, அலைவுக்கு ஒன்று என்று ஒவ்வொரு விளைவுக்கும் ஒரு பெட்டி. இவற்றைத்தான் எஃபெக்ட்ஸ் என்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே சிறு கருவியில் அடக்கும் முயற்சியும் பழையதுதான். பாஸ்டன் குழுவின் கிட்டார்க் கலைஞர் டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர், 1982-இல் ராக்மேன் என்ற பெட்டியைக் கொண்டுவந்தார். இடுப்பில் மாட்டிக்கொண்டு ஹெட்போனில் கேட்கலாம். ஆனால் அது அனலாக் மின்சுற்று. 1998-இல் லைன் சிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட பாட் என்னும் சிவப்புக் கருவிதான் டிஜிட்டல் முறையை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது எனலாம். அவரை விதை வடிவில் இருக்கும்.

டிஜிட்டல் பெட்டிக்குள் வால்வும் இல்லை, எதிரொலிக்கும் கூடமும் இல்லை. இருப்பது கணக்கு. உள்ளே வரும் மின்னழுத்தத்தை விநாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்ணாக மாற்றுகிறது. இந்த வால்வுக்குள் இந்த எண் போனால் எந்த எண்ணாக வெளியே வரும், இந்த மரப்பெட்டியில் வைத்த பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கி அதை எப்படி ஒலிக்கும் என்றெல்லாம் கணித்து, மீண்டும் மின்னழுத்தமாக்கி வெளியே அனுப்புகிறது. புகழ்பெற்ற ஆம்புகளின் குணம் ஒவ்வொன்றும் ஒரு சூத்திரமாக உள்ளே கிடக்கிறது. குமிழைத் திருப்பினால் ஆம்ப் மாறும்.

கணக்குப் போட நேரம் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். இத்தகைய பெட்டிகளில் பொதுவாகச் சில மில்லி விநாடிகள். நம் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 35 சென்டிமீட்டர் செல்லும். ஆகவே நான்கு மில்லி விநாடித் தாமதம் என்பது, ஒலிபெருக்கியை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு வாசிப்பதற்குச் சமம். மேடையில் மிருதங்கக்காரர் அதைவிடத் தள்ளி உட்கார்ந்திருப்பார். எனக்கு இந்தத் தாமதம் ஒரு நாளும் உறைக்கவில்லை. ஆனால் ஒன்று: கம்பியில்லா ப்ளூடூத் ஹெட்போனை மாட்டினால் பெரும்பாலும் நூறு மில்லி விநாடிக்கு மேல் தாமதமாகும். துரிதகாலத்தில் விரல் ஒரு சுரத்திலும் காது முந்திய சுரத்திலும் இருக்கும். பயிற்சிக்குக் கம்பியுள்ள ஹெட்போனே வேண்டும்.

இனிக் கமகத்துக்கு வருவோம். வீணையில் மெட்டுகள் உயர்ந்து நிற்பதால், ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று சுரங்களைத் தொட முடிகிறது. கிட்டாரில் மெட்டுகள் தாழ்வானவை. சக்தி குழுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் வாசித்த ஜான் மெக்லாக்ளின், அமெரிக்காவில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். அவர் மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரைச் செய்வித்து வாசித்தார். தந்தியை வீணை போல இழுப்பதற்காகத்தான்.

இழுத்தால் மட்டும் போதாது. இழுத்து முடியும் வரை ஒலி நிற்க வேண்டும். மீட்டிய தந்தியிடம் இருப்பது ஒரு கைப்பிடிச் சக்திதான். குடமுள்ள கருவி அதைக் காற்றில் வேகமாகச் செலவழித்துவிடும். மாண்டலின் இதில் பெரிய ஊதாரி. அதனால்தான் இரட்டைத் தந்திகளைப் படபடவென்று அடித்துக்கொண்டே வாசிக்கும் வழக்கம் மேல்நாட்டில் வந்தது. யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்மாண்டலினை எடுத்தார். இரட்டைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகள் கட்டினார். ஒரே மீட்டில் நீளும் ஒலி கிடைத்தது. அந்த நீளத்தில் ராகம் உட்கார இடம் கிடைத்தது. மின்சாரம் அவருக்குச் சத்தத்தைக் கூட்டியது என்பதைவிட நேரத்தைக் கூட்டிக் கொடுத்தது என்பதே என் எண்ணம். ஆகவே ஒரு பெட்டி நம் இசைக்கு ஆகுமா என்று பார்க்க, மீட்டிய சுரத்தின் முதல் பாதியைக் கேட்டுப் பயனில்லை. கடைசிப் பாதியைக் கேட்க வேண்டும்.

கரமனையில் எங்கள் தெருவில் வீணை வாசிக்கும் மாமி ஒருவர் இருக்கிறார். சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் பயின்றவர். 1939-இல் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரை முதல்வராகக் கொண்டு தொடங்கி, அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் தலைமையேற்று, கே.எஸ். நாராயணசுவாமி வீணை கற்பித்த கல்லூரி அது. காதில் ஹெட்போனை மாட்டி அவரைக் கேட்கச் சொன்னேன். பெட்டியில் முதலில் வரும் அமைப்பை அப்படியே விட்டு, தோடியைக் கொஞ்சம் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"தம்பி, காந்தாரம் நன்னாத்தான் ஆடறது. ஆனா ஆடி முடியறதுக்குள்ள யாரோ கதவைச் சாத்திடறாளே?"

கதவைச் சாத்துவது யார் என்பது எனக்கு உடனே விளங்கியது. பெட்டிக்குள் நாய்ஸ் கேட் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. பெயரே வாயில்கதவு என்றுதான் பொருள்படும்! உள்ளே வரும் ஒலி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், வெறும் இரைச்சல் என்று முடிவு செய்து அடைத்துவிடும். ராக் இசைக்கு அது தேவை. கரகரப்பை ஏற்றி வைத்தால், வாசிக்காதபோது ஆம்ப் 'உஸ்ஸ்' என்று இரையும். நமக்கோ, தேய்ந்துகொண்டே போகும் அந்த வால்பகுதியில்தான் தோடியின் சாதாரண காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே இறங்கி ஏறுகிறது. பெட்டி அதைக் குப்பை என்று பெருக்கித் தள்ளுகிறது. இதைச் செய்தவர்களிடம் குற்றமில்லை. அவர்கள் கேட்டு வளர்ந்த இசையில் அந்த இடத்தில் ஒன்றும் நடப்பதில்லை. கேட்டை முழுவதுமாக அணைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். மாமி தலையசைத்தார். "இப்போ சரி. ஆனா கோவில் மண்டபத்துக்குள்ள உட்கார்ந்து வாசிக்கற மாதிரி ஏன் இந்த முழக்கம்?" என்றார். அது ரிவெர்ப், கூடத்தின் எதிரொலியைப் போலச் செய்வது. முந்திய சுரம் கரையாமல் நிற்க, அடுத்த சுரம் அதன்மேல் ஏறும். மெதுவான சினிமாப் பாட்டுக்கு அழகு. அசைவுள்ள சுரங்களுக்கு எதிரி. அதையும் கால் பங்காகக் குறைத்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு விளைவையும் இந்தக் காதோடு கேட்கத் தொடங்கினேன்.

நமக்கு உற்ற நண்பன் கம்ப்ரெஸ்ஸர். பெரிய ஒலியை அடக்கி, சிறிய ஒலியைத் தூக்கிவிடுவது அதன் வேலை. தேயும் சுரத்தை ஏந்திப் பிடிப்பதால் கமகத்தின் கடைசி அசைவு வரை தெளிவாகக் கேட்கிறது. அளவு மீறினால் மீட்டின் அழுத்தம் மறைந்து எல்லா மீட்டும் ஒரே மாதிரி ஆகிவிடும். பாதிக்கும் கீழேயே வைத்தேன்.

கரகரப்பு, அதாவது டிஸ்டார்ஷன், விஷயத்தில் சற்று நிற்க வேண்டும். ஒற்றைத் தந்தியில் வாசிக்கும்வரை அதுவும் ஒலியை நீட்டத்தான் செய்கிறது. சிறிதளவு சேர்த்தால் நாதஸ்வரத்தின் சாயல்கூட வருகிறது. கூடவே இன்னொரு தந்தி ஒலித்தால்தான் வினை. நசுங்கும் மின்சுற்றுக்குள் இரண்டு சுரங்கள் ஒன்றாகப் போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய சுரங்கள் பிறக்கும். கணக்குக்கு எளிதாகச் சட்ஜத்தை விநாடிக்கு 150 அதிர்வு என்று கொள்வோம். பஞ்சமம் 225. கழித்தால் 75: கீழ் சட்ஜம். கூட்டினால் 375: மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம். இரண்டும் உறவுச் சுரங்கள்தான். ராக் கிட்டார்க்காரர்கள் ச-ப இரண்டை மட்டும் சேர்த்து அடிப்பதன் இரகசியம் இதுவே. பஞ்சமத்துக்குப் பதிலாக அந்தர காந்தாரத்தைச் சேருங்கள்: 187.5. சட்ஜத்தோடு கூட்டினால் 337.5. அது மேல் ஸ்தாயி சதுச்ருதி ரிஷபம்! வாசிப்பவர் தொடாத ரிஷபம் எங்கிருந்தோ வந்து நிற்கிறது. ஹிந்தோளம் போல ரிஷபமே இல்லாத ராகத்திலும் இப்படி அழையா விருந்தாளிகள் வருவார்கள். சுருதிக்கென்று ஒரு தந்தியை மீட்டிக்கொண்டே வாசிக்கும் பழக்கமுள்ளவர்கள் கரகரப்பைத் தொடாமலிருப்பது நலம். தம்புரா தனியாக ஒலிக்கட்டும். பெங்களூர் ஜி. ராஜ் நாராயண் 1970-களின் இறுதியில் செய்த மின்னணுத் தம்புராவின் வழிவந்த பெட்டிகளும், இப்போது கைப்பேசிச் செயலிகளும் அதற்கு இருக்கின்றன.

கோரஸ் வேண்டவே வேண்டாம். ஒலியின் நகல் ஒன்றை எடுத்து அதன் சுருதியைச் சற்றே ஏற்றி இறக்கி மூலத்தோடு கலப்பது அது. நாம் மெனக்கெட்டுச் சேர்த்த சுருதியைக் கலைப்பதற்கு ஒரு யந்திரமா? ஹார்மனைசர் என்று ஒன்று உண்டு. வாசிக்கும் சுரத்தைக் கண்டுபிடித்து அதற்கு இணையான சுரத்தைத் தானே சேர்க்கும். சங்கராபரணத்தை அசைவில்லாமல் வாசித்தால் சமர்த்தாகப் பின்தொடர்ந்தது. தோடியில் திணறிவிட்டது. இழுபட்டுக்கொண்டே இருக்கும் காந்தாரத்தை எந்தச் சுரம் என்று அதனால் தீர்மானிக்க முடியவில்லை. இங்கும் அங்கும் தாவி, தண்ணீர்க் குழாயில் காற்றடைத்தது போலச் சத்தமிட்டது. வீட்டில் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

ஒலியின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியின் ஒலிபெருக்கி மூன்று அங்குலம். கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 82 அதிர்வில் ஒலிக்கும். அவ்வளவு கனமான ஒலியை இவ்வளவு சிறிய கூம்பு தள்ள முடியாது. மேல்சுரங்களைக் கேட்டு நம் காது அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்வதால் ஓரளவு சமாளிக்கிறது. வாட் கணக்கைப் பார்த்து யாரும் மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். காதுக்கு இரட்டிப்புச் சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். அதாவது நூறு வாட் ஆம்ப், பத்து வாட் ஆம்பைப் போல இரண்டு மடங்குதான் சத்தமாகக் கேட்கும். வீட்டு அறைக்குப் பெட்டி தாராளம். மிருதங்கத்தோடு ஞாயிறு வாசித்தபோது அதன் குரல் அமுங்கிப் போனது. பின்புறமுள்ள துளையிலிருந்து கம்பி போட்டுக் கூடத்தின் மிக்ஸரில் சேர்த்தபோது அந்தக் குறை தீர்ந்தது. ஒலிபெருக்கியின் குணத்தையும் பெட்டியே கணித்து அனுப்புவதால் முன்னால் மைக் வைக்க வேண்டியதில்லை.

ஆனால் மிக்ஸரில் சேர்த்ததும் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் எழுந்தது. நம் மின்சாரம் 50 சுழற்சி கொண்டது. அதன் உறுமல்தான் அது. பெட்டியைச் சார்ஜரிலிருந்து பிடுங்கி மின்கலத்தில் ஓட்டியதும் அடங்கிற்று. இரண்டு கருவிகள் இரு வேறு வழியாக எர்த் ஆகும்போது வரும் தொல்லை இது. அதன் பிறகும் மெல்லிய இரைச்சல் மிச்சமிருந்தால், பழைய டியூப்லைட்டின் சோக்கைச் சந்தேகியுங்கள். பிக்கப் என்பது காந்தத்தைக் கேட்கும் காது. சோக்கின் காந்தத்தையும் அது கேட்கும். கிட்டாரோடு சற்றுத் திரும்பி உட்கார்ந்தாலே குறையும்.

மின்கலத்துக்கு இந்த ஊரில் இன்னொரு பெருமையும் உண்டு. துலாவர்ஷக் காலத்தில் பிற்பகல் ஆனால் இடியும் மின்னலும் தவறாது. கேரளத்தில் வளர்ந்த எந்தக் குழந்தையும் இடி கேட்டதும் டிவி பிளக்கைப் பிடுங்க ஓடும். நானும் சுவரிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மழையைப் பார்த்துக்கொண்டு ஹெட்போனில் வாசித்தேன். பழைய ஆம்பை வைத்துக்கொண்டு அந்த நேரங்களில் வாசித்ததே இல்லை. இரவு ஒன்பதரைக்கு மேல் வாசித்ததும் இல்லை. பக்கத்து வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை படிக்கிறாள். ஒரு மாதத்தில் என் வாசிப்பு நேரம் ஏறக்குறைய இரட்டித்தது. பெட்டியின் ஒலித்தரம் பற்றி எத்தனை எழுதினாலும், வேலைக்குப் போய் வரும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய வசதி வேறொன்றுமில்லை.

பழைய ஆம்புக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்கும்போது தந்தி ஒலிபெருக்கியின் காற்றை வாங்கி மீண்டும் அதிர்கிறதே, அந்த உயிர்ப்பு ஹெட்போனில் கிடையாது. அங்கே சுரம் தானாகவே கொஞ்சம் நீளும். பெட்டியில் கம்ப்ரெஸ்ஸர் தருவது அதற்குப் பதிலி. வித்தியாசம் கேட்பவர்களுக்குத் தெரிவதைவிட வாசிப்பவர் விரலுக்குத்தான் அதிகம் தெரிகிறது.

ஆகவே குழுவுக்கு நான் சொன்னது இதுதான்: பெட்டியை வாங்குங்கள், ஆம்பை விற்க வேண்டாம். ஆம்ப் கூடத்தில் ஒரே இடத்தில் இருக்கட்டும், யாரும் மாடி ஏற்ற வேண்டாம். பெட்டி முறைவைத்து வீட்டுக்கு வீடு போகட்டும். வாங்கும்போது கடைக்காரர் முதலில் அமுக்கிக் காட்டும் நாற்பது வகைக் கரகரப்புகளைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'நாய்ஸ் கேட்டைத் தனியாக அணைக்க முடியுமா? அணைத்ததைச் சேமித்து வைக்க முடியுமா?' என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். சில பெட்டிகளில் அதைக் கைப்பேசிச் செயலி வழியாக மட்டுமே அணைக்க முடியும்; சிலவற்றில் வழியே இல்லை. பிறகு கடையிலேயே ஒரு சுரத்தை ஒருமுறை மட்டும் மீட்டி, மெல்ல இழுத்து, அது தானாக அடங்கும் வரை காத்திருந்து கேளுங்கள். கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

இளைஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். மூத்தவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். மாமி தலையாட்டிய அந்த அமைப்பைப் பெட்டியின் முதல் இடத்தில் சேமிக்க வேண்டும், யாரும் அதன்மேல் வேறெதையும் பதியக் கூடாது. இரண்டாம் இடத்திலிருந்து அவரவர் விருப்பம். நீளமான ஹெட்போன் கம்பி ஒன்று மட்டும் இன்னும் வாங்க வேண்டியிருக்கிறது.